கையெழுத்து: கெப்ளரும் மூன்று திருச்சபைகளும்

நம்மில் பலருக்குப் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதி ப்ரெக்ட் வழியாகத்தான் அறிமுகம். வண்டியை இழுத்துக்கொண்டு போர்க்களம் போர்க்களமாகப் போகிற மதர் கரேஜ், கருவிகளைக் காட்டுவோம் என்றதும் பின்வாங்கிய கலிலியோ. இரண்டு நாடகங்களையும் சேர்த்துவைத்துப் பார்த்தால் ஒரு சித்திரம் கிடைக்கிறது: மதத்தின் பெயரால் வெட்டிக்கொண்டு சாகிற கூட்டம் ஒருபுறம், தனியாக நின்று உண்மையைத் தேடுகிற அறிவாளி மறுபுறம், இரண்டுக்கும் மேலே அதிகாரம். ப்ரெக்ட் இவ்வளவு எளிமையாகச் சொல்லவில்லை. நாம்தான் எளிமையாக வாங்கிக்கொண்டோம். ஐரோப்பா முப்பது வருஷம் மதத்துக்காக அடித்துக்கொண்டு, களைத்துப்போய், 1648ல் வெஸ்ட்ஃபாலியாவில் உட்கார்ந்து பேசி, மதத்தை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு நவீனத்துவத்துக்குள் காலடி வைத்தது என்கிற கதை நமக்கு வசதியாக இருந்தது. பகுத்தறிவாளர்கள், மார்க்சியர்கள், தாராளவாதிகள் என்று ஒருவர் பாக்கியில்லாமல் தத்தமது தேவைக்கேற்ப இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

இந்தக் கதையாடலை நான் நம்பவில்லை. ஏன் என்பதைச் சொல்ல ஒரே ஆளை எடுத்துக்கொள்கிறேன். யோஹன்னஸ் கெப்ளர். கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அவர்தான். அந்த ஆளிடம் அவர் வாழ்நாள் முழுக்க யாராவது ஒருவர் கையெழுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு காகிதத்தை நீட்டி, இதில் உள்ளதை முழுசாக ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்பார்கள். அவர் எதை மறுத்தார், எதை மறுக்கவில்லை என்று பார்த்தால் அந்தக் காலத்து மதம், அரசு, அறிவு மூன்றுக்கும் இருந்த உறவு வேறு மாதிரித் தெரிய ஆரம்பிக்கும்.

முதலில் அந்தக் காகிதம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கணும். 1555ல் ஆக்ஸ்பர்க் ஒப்பந்தத்தில் ஜெர்மானியப் பேரரசின் கத்தோலிக்க, லூத்தரன் ஆட்சியாளர்கள் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். ஒவ்வொரு ஆட்சியாளனும் தன் நிலப்பரப்பின் மதத்தைத் தானே தீர்மானிக்கலாம். ஒத்துவராத குடிமகன் சொத்தை விற்றுவிட்டுக் கிளம்பலாம். பின்னால் வந்த சட்ட அறிஞர்கள் இதை 'எவன் நிலமோ அவன் மதம்' என்று சுருக்கினார்கள். கால்வினியர்களுக்கு இதில் இடமே இல்லை. இதைச் சகிப்புத்தன்மையின் தொடக்கம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. சகித்துக்கொண்டது ஆட்சியாளர்கள் ஒருவரையொருவர்தான், குடிமக்களை இல்லை. இதற்குப் பிறகு மதம் என்பது எல்லைக்கல், பதிவேடு, உறுதிமொழிப் பத்திரம். யார் ஞானஸ்நானம் பெற்றான், யார் திருவிருந்துக்கு வந்தான், யாரை எந்தச் சடங்கோடு புதைத்தார்கள் என்று எழுதிவைக்கிற ஆட்கள் தேவைப்பட்டார்கள். போதகர்களும் ஆசிரியர்களும் விசுவாசப் பிரமாணத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. லூத்தரன்கள் தங்களுக்குள் இருந்த சண்டையைத் தீர்க்க 1577ல் ஒரு நீண்ட உடன்பாட்டு ஆவணத்தைத் தயாரித்தார்கள். இசைவுச் சூத்திரம் என்று அதற்குப் பெயர். பெயரில் இருந்த இசைவு அதற்குள் எவ்வளவு இருந்தது என்பது கெப்ளருக்குத் தெரியும்.

நவீன அரசு மதத்தை ஒதுக்கிவிட்டு உருவானது என்று சொல்கிறார்கள். எனக்குப் படுவது வேறு. குடிமகனின் மனசாட்சிவரை கையை நீட்டிப் பார்க்கிற பழக்கத்தை அரசுக்குக் கற்றுக்கொடுத்ததே இந்த மதப் பதிவேடுகள்தான்.

கெப்ளர் பிறந்த வைல் டெர் ஷ்டாட், கத்தோலிக்கர் பெரும்பான்மையாக இருந்த சின்ன ஊர், குடும்பம் லூத்தரன். ஏழைப் பையன். வுட்டம்பெர்க் கோமகனின் உதவித்தொகையில் ட்யூபிங்கனில் படித்தார். போதகராக வேண்டும் என்பதுதான் ஆசை. படிப்பு முடிவதற்குள் 1594ல் கிராட்ஸ் நகரத்தின் புராட்டஸ்டன்ட் பள்ளிக்குக் கணித ஆசிரியராக அனுப்பிவிட்டார்கள். பாடம் நடத்துவதோடு வருஷா வருஷம் பஞ்சாங்கம் போட்டுத் தரணும். முதல் பஞ்சாங்கத்திலேயே கடுங்குளிர், துருக்கியர் படையெடுப்பு என்று சொன்னது பலித்துவிட, ஊரில் நல்ல பெயர். சோதிடத்தை முட்டாள் மகள் என்றும், அவள் சம்பாத்தியத்தில்தான் வானியல் என்கிற புத்திசாலித் தாய் சாப்பிடுகிறாள் என்றும் பின்னால் அவரே எழுதினார்.

அந்தப் பகுதியை ஆண்ட ஆர்ச்டியூக் ஃபெர்டினாண்ட் இளைஞர். சேசு சபையாரிடம் படித்தவர். 1598ல் புராட்டஸ்டன்ட் போதகர்களையும் ஆசிரியர்களையும் ஊரைவிட்டு விரட்டினார். கெப்ளரை மட்டும் திரும்பி வர அனுமதித்தார்கள். அடுத்த வருஷம் அவருடைய பெண் குழந்தை பிறந்து சில வாரங்களில் இறந்துபோனது. கத்தோலிக்கக் குருவைக் கூப்பிடாமல் புதைத்ததற்கு அபராதம் போட்டார்கள். 1600 ஆகஸ்டில் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக விசாரணைக் குழு முன்னால் வந்து நிற்க வேண்டியிருந்தது. ஒன்று மாறு, இல்லேன்னா கிளம்பு. கெப்ளர் மாறவில்லை. மாறியவர்களே அதிகம், மறுத்த சில பத்துப் பேர்களின் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. இது முதல் காகிதம்.

பிராக் நகரத்தில் டைக்கோ பிராஹேயிடம் போய்ச் சேர்ந்தார். 1601ல் டைக்கோ இறந்ததும் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் அரசவைக் கணிதர் ஆனார். கத்தோலிக்கப் பேரரசரின் அவையில் ஒரு லூத்தரன். ருடால்ஃபுக்கு ஓவியங்கள், கடிகாரங்கள், ரசவாதம், நட்சத்திரம் என்று ஆயிரம் பித்து. மதத்தில் தீவிரம் கிடையாது. அறிவாளிகளுக்கு இப்படிப்பட்ட அரசர்களைப் பிடிக்கும். ஆனால் சம்பளம் மட்டும் வராது. பாக்கி சேர்ந்துகொண்டே போகும்.

இங்கேதான் செவ்வாயோடு அவர் மல்லுக்கட்டியது. பல வருஷக் கணக்குக்குப் பிறகு வட்டப்பாதையை வைத்து ஒரு கோட்பாட்டை உருவாக்கினார். டைக்கோவின் அவதானிப்புகளோடு வைத்துப் பார்த்தால் 8 கலை இடித்தது. ஒரு பாகையில் 60 கலை. முழு நிலவின் அகலம் கிட்டத்தட்ட 30 கலை. அதில் ஏறக்குறைய கால்பங்கு வித்தியாசம். அதுவரை வந்த வானியலாளர்கள் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். டைக்கோ அவ்வளவு தவறமாட்டார் என்பது கெப்ளரின் நம்பிக்கை. மொத்தக் கோட்பாட்டையும் தூக்கிப் போட்டுவிட்டு ஆரம்பத்திலிருந்து தொடங்கினார். 1609ல் வந்த 'புதிய வானியல்' நூலில் நீள்வட்டம் வந்தது இப்படித்தான். ருடால்ஃபுக்கு எழுதிய சமர்ப்பணத்தில் செவ்வாயைப் பிடிபட்ட எதிரியாகக் கொண்டுவந்து நிறுத்துகிறார், அடுத்த படையெடுப்புக்குப் பணமும் கேட்கிறார். போர்க்கடவுளின் பெயர்கொண்ட கோளைப் பிடித்ததாகச் சொன்னால்தான் சம்பளம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருப்பார்போல.

அதே 1609ல் ருடால்ஃப், பொஹீமியப் பிரபுக்களுக்கு மதச் சுதந்திரம் தரும் சாசனத்தில் கையெழுத்துப் போட்டார். மனமுவந்து இல்லை, தம்பி மத்தியாஸ் நாற்காலியைப் பிடுங்க வந்துகொண்டிருந்ததால். 1611ல் பொஹீமிய மகுடம் பறிபோனது. 1612 ஜனவரியில் ருடால்ஃப் இறந்தார். அந்த நெருக்கடியில் இரண்டு தரப்பாரும் கெப்ளரிடம் நட்சத்திரம் என்ன சொல்கிறது என்று கேட்டார்கள். பேரரசரின் காதுக்குச் சோதிடத்தைக் கொண்டுபோகாதீர்கள், அவருக்கு ஆலோசனை சொல்கிறவர்களின் தலையிலிருந்தும் அதை எடுத்துவிடுங்கள் என்ற பொருளில் 1611ல் அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. சோதிடம் விற்றுப் பிழைத்த ஆள் இதை எழுதினார் என்பதைக் கவனிக்கணும்.

இனி லின்ஸ். 1612ல் அங்கே மாகாணக் கணிதராகப் போனார். ஊர் லூத்தரன்களின் பிடியில் இருந்தது. அப்பாடா, நம் ஆட்கள் என்று நினைத்திருக்கலாம். வந்த உடனே ஊரின் போதகர் டானியேல் ஹிட்ஸ்லரிடம் ஒளிவுமறைவில்லாமல் ஒன்றைச் சொன்னார். இசைவுச் சூத்திரத்தில் ஒரே ஒரு இடத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கிறிஸ்துவின் உடல் எங்கும் நிறைந்திருக்கிறது என்கிற கோட்பாடு. மற்றதெல்லாம் சரி. அந்த ஒன்றை விட்டுவிட்டு மீதிக்குக் கையெழுத்துப் போடுகிறேன். ஹிட்ஸ்லர் ஒப்பவில்லை. முழுசாகப் போடு, இல்லையென்றால் திருவிருந்து கிடையாது.

இன்றைய வாசகருக்கு இது அற்பமாகப் படலாம். உடல் எங்கும் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று. அப்படிக் கேட்டால் அந்தக் காலத்தைக் கோட்டைவிட்டுவிடுவோம். திருவிருந்து மறுக்கப்படுவது என்றால் ஊரார் பார்க்க மேசையிலிருந்து எழுப்பி அனுப்புவது. இரட்டை வேஷக்காரன், நாத்திகன், கால்வினிய ஒற்றன் என்று பேச்சு கிளம்பும். ஸ்டுட்கார்ட் திருச்சபை மன்றத்துக்கு முறையிட்டார்; கைவிரித்தார்கள். தன்னை நேசித்த பழைய ஆசிரியர் ஹாஃபென்ரெஃபருக்கு ட்யூபிங்கனுக்கு எழுதினார். நீ கணிதத்தைப் பார், இறையியலை எங்களிடம் விடு என்பதுதான் பதிலின் சாரம். 1619ல் விலக்கு உறுதியானது.

ஏதாவது ஒரு அமைப்பில் இருந்து, அறிக்கையின் ஒரு வரிக்கு மட்டும் மறுப்பைப் பதிவுசெய்யுங்கள் தோழர் என்று கேட்டு, முழு அறிக்கைக்கும் எதிரி என்று பெயர் வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிராட்ஸில் எதிரி அவரை விரட்டினான். லின்ஸில் சொந்த ஆட்கள் விரட்டினார்கள். இரண்டாவதுதான் கெப்ளரைக் கடைசிவரை அரித்தது என்பது கடிதங்களில் தெரிகிறது.

இதைக் கெப்ளரின் 'நடுநிலை' என்று புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை. எல்லா மதமும் ஒன்றுதான் என்கிற ரகம் இல்லை அவர். திருவிருந்து விஷயத்தில் கால்வினியர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றார், ஆனால் முன்விதிக்கப்பட்ட மீட்பு என்கிற அவர்களின் கோட்பாட்டை ஏற்கவில்லை. கத்தோலிக்க மரபின் பழைய பிதாக்களை மேற்கோள் காட்டினார். உண்மையை மூன்று சபைகளும் ஆளுக்கொரு துண்டாகக் கிழித்து வைத்திருக்கின்றன, துண்டுகளைப் பொறுக்கிச் சேர்க்க வேண்டியிருக்கிறது என்பது அவர் நிலைப்பாடு. மதத்தை விட்டுவிலகி நின்ற பகுத்தறிவாளரின் நிலைப்பாடு இல்லை இது. மதத்தை மற்ற எல்லோரையும்விடத் தீவிரமாக எடுத்துக்கொண்டதால் வந்த வம்பு.

நாள்காட்டியையே பாருங்கள். 1582ல் போப் பதின்மூன்றாம் கிரெகரி சீர்திருத்திய நாள்காட்டி கணக்குப்படி சரி. போப் சொன்னார் என்பதாலேயே புராட்டஸ்டன்ட் பகுதிகள் ஏற்க மறுத்தன. அதனால் பேரரசில் 10 நாள் இடைவெளியில் இரண்டு தேதிகள் ஓடின. இரண்டு தரப்பும் கலந்து வாழ்ந்த ஆக்ஸ்பர்க் நகரில் 1584ல் இதற்காகக் கலகமே நடந்தது. 1613ல் ரீகன்ஸ்பர்க் பேரரசு மன்றத்தில் கெப்ளர் கிரெகரியின் நாள்காட்டிக்காகப் பேசினார். லூத்தரன் ஆளாக இருந்துகொண்டு. எடுபடவில்லை. ஜெர்மானியப் புராட்டஸ்டன்ட் பகுதிகள் மாறியது 1700ல்.

1618 மே 15 அன்று கெப்ளருக்கு மூன்றாவது விதி பிடிபட்டது. கோளின் சுற்றுக்காலத்தின் இருமடிக்கும் தூரத்தின் மும்மடிக்கும் உள்ள உறவு. எட்டு நாள் கழித்து, மே 23 அன்று, பிராக் கோட்டையில் பேரரசரின் இரண்டு கத்தோலிக்க ஆளுநர்களையும் ஒரு எழுத்தரையும் புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் ஜன்னல்வழியாகத் தூக்கி வெளியே எறிந்தார்கள். மூன்று பேரும் பிழைத்தார்கள். மாதா தாங்கினாள் என்றது ஒரு தரப்பு. குப்பைமேட்டில் விழுந்தார்கள் என்றது மறுதரப்பு. முப்பதாண்டுப் போர் ஆரம்பித்துவிட்டது. கிராட்ஸ் ஃபெர்டினாண்ட் இப்போது பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்ட். அவரை ஏற்க மறுத்த பொஹீமியர்கள் கால்வினியரான பாலட்டினேட் ஃபிரெடரிக்கை அரசராக்கினார்கள். 1620 நவம்பர் 8 அன்று வெண்மலைப் போரில் இரண்டு மணிநேரத்துக்குள் எல்லாம் முடிந்தது.

இந்தப் போர் எவ்வளவு 'மத'ப்போர்? சாக்சனியின் லூத்தரன் ஆட்சியாளர் யோஹன் கியோர்க், கத்தோலிக்கப் பேரரசரின் பக்கம் நின்று லுசாஷியா என்கிற நிலப்பகுதியைக் கூலியாக வாங்கிக்கொண்டார். பிரான்சின் கார்டினல் ரிஷ்லியு 1631 ஜனவரியில் லூத்தரன் ஸ்வீடனுக்கு வருஷத்துக்கு 4,00,000 தாலர் தர ஒப்பந்தம் போட்டார், கத்தோலிக்கப் பேரரசரை அடிப்பதற்காக. நான்கு மாதம் கழித்து மாக்டபர்க் நகரம் பேரரசுப் படையிடம் விழுந்தபோது ஏறக்குறைய 20,000 பேர் செத்தார்கள். மேலே இருந்தவர்களுக்கு முகாம் மாறுவதில் சங்கடமில்லை. கீழே இருந்தவனுக்குத்தான் ஒவ்வொரு முறை கொடி மாறும்போதும் பூசைக்குப் போனாயா என்கிற கேள்வி. இதைவைத்து மதம் வெறும் முகமூடி, அடியில் இருப்பது அதிகாரமும் பொருளாதாரமும்தான் என்று முடித்துவிடுவது நமக்குப் பழக்கம். அதுவும் சரியில்லை. முகமூடிக்காக யாரும் ஊரைவிட்டுப் போவதில்லை.

கெப்ளரின் தாய் கதரீனாவின் வழக்கை இங்கே பேசாமல் தாண்ட முடியாது. லியோன்பெர்க் என்கிற சிற்றூர், லூத்தரன் வுட்டம்பெர்க்கில். வாய்த்துடுக்கான கிழவி, எழுதப்படிக்கத் தெரியாது, மூலிகை மருந்து தருவாள். 1615ல், அவள் கொடுத்த பானத்தைக் குடித்ததால்தான் உடம்பு கெட்டது என்று கண்ணாடி வேலைக்காரரின் மனைவி ஒருத்தி சொன்னாள். அப்புறம் ஊரே சாட்சி. அவள் தொட்டால் வலிக்கிறது, மாடு செத்தது, குழந்தை செத்தது. வெட்டியானிடம் தன் அப்பாவின் மண்டையோட்டைத் தோண்டித் தரச் சொன்னாளாம். வெள்ளிப்பூண் போட்டு மகனுக்குக் கிண்ணம் செய்துகொடுக்க. இதை அவள் மறுக்கவில்லை. 1620 ஆகஸ்டில் கைது. எழுபதைத் தாண்டிய கிழவியைச் சங்கிலியில் கட்டி, காவலுக்கு இரண்டு ஆட்களைப் போட்டு, செலவை அவள் சொத்திலேயே எழுதினார்கள்.

கெப்ளர் தன் வேலையை விட்டுவிட்டு அங்கே போய்த் தங்கி வழக்கை நடத்தினார். ஒவ்வொரு சாட்சியமாக எடுத்து, இந்த நோய்க்கு வேறு காரணம் இருக்கிறதா, இந்தச் சாட்சிக்கு அவளோடு முன்பகை உண்டா, இந்தத் தேதியில் இது நடந்திருக்க முடியுமா என்று எழுத்துமூலமாகப் பிரித்துப்போட்டார். 8 கலையை விடாத அதே ஆள்தான். ஒன்றை மறைக்காமல் சொல்லணும்: சூனியக்காரிகளே கிடையாது என்று அவர் வாதிடவில்லை. இவள் சூனியக்காரி என்பதற்கு ஆதாரம் இல்லை என்றுதான் வாதிட்டார். நம்முடைய அறிவொளி நாயகனைத் தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம். 1621 செப்டம்பரில் அவளை வதைக்கூடத்துக்கு அழைத்துப்போய்க் கருவிகளைக் காட்டிச் சொல்லச் சொன்னார்கள். நரம்பு நரம்பாகப் பிடுங்கினாலும் சொல்ல ஒன்றுமில்லை என்று நின்றாள். 14 மாதச் சிறைக்குப் பிறகு விடுதலை. அடுத்த ஏப்ரலில் செத்துப்போனாள். கலிலியோவுக்குப் பன்னிரண்டு வருஷம் முன்னால், எழுத்தறியாத ஒரு கிழவி அந்தக் கருவிகள் முன்னால் எப்படி நின்றாள் என்பதற்கு நாடகம் எழுத ஆளில்லை.

வதையின் தர்க்கத்தையே அடியோடு கேள்விகேட்டது யார் என்றால், ஃபிரெட்ரிக் ஷ்பே என்கிற சேசு சபைப் பாதிரி. 1631ல் பெயர்போடாமல் வெளியிட்ட நூலில், வதைதான் சூனியக்காரிகளை உற்பத்திசெய்கிறது என்றார். புராட்டஸ்டன்ட் என்றால் பகுத்தறிவு, கத்தோலிக்கம் என்றால் இருள் என்று பிரித்துவைத்திருப்பவர்கள் இதை எங்கே வைப்பார்கள்?

கெப்ளரைத் தூக்கிவைக்கிறேன் என்று படலாம். அவருக்கு எதிர்முனையில் நிற்கும் ஒருவரைச் சொல்கிறேன். யான் யெஸ்ஸேனியஸ், மருத்துவர். 1600ல் பிராகில் பொதுமக்கள் பார்க்க உடற்கூறு அறுவை செய்து காட்டியவர். டைக்கோவுக்கும் கெப்ளருக்கும் சண்டை வந்தபோது சமரசம் பேசியவர். பிறகு பிராக் பல்கலைக்கழகத் தலைவரானார். பிரபுக்களின் கிளர்ச்சியில் வெளிப்படையாகச் சேர்ந்து அவர்களுக்காகத் தூது போனார். 1621 ஜூன் 21 அன்று பிராக் பழைய நகரச் சதுக்கத்தில் 27 பேரைக் கொன்றார்கள். யெஸ்ஸேனியஸுக்கு முதலில் நாக்கு, பிறகு தலை. கெப்ளரோ, அந்தக் கிளர்ச்சியில் எந்தப் பக்கமும் வாய்திறக்கவில்லை. தன்னைக் கிராட்ஸிலிருந்து விரட்டிய ஃபெர்டினாண்டின் சம்பளப் பட்டியலில் தொடர்ந்து இருந்தார். மனசாட்சிக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதவர், சம்பளச் சீட்டில் போட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆய்வு நடக்கணும், அட்டவணை அச்சாகணும், பிள்ளைகள் சாப்பிடணும். இது சமரசமா என்றால் சமரசம்தான்.

லின்ஸ் இருந்த மேல் ஆஸ்திரியாவையே ஃபெர்டினாண்ட் போர்ச்செலவுக்காகப் பவேரியாவின் மேக்சிமிலியனிடம் அடகு வைத்தார். நாட்டை, மக்களோடு சேர்த்து. 1624ல் லூத்தரன் போதகர்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். கெப்ளருக்குத் திருவிருந்தை மறுத்த ஹிட்ஸ்லருக்கும் இடமில்லாமல் போனது. 1625 மே மாதம் ஃபிராங்கன்பர்க் பகுதியில் கத்தோலிக்கக் குருவை ஏற்காமல் மக்கள் கலகம் செய்தார்கள். பவேரிய ஆளுநர் ஹெர்பெர்ஸ்டார்ஃப், மதம் மாறிய முன்னாள் லூத்தரன், மன்னிப்புத் தருவதாகச் சொல்லி எல்லோரையும் ஒரு மைதானத்துக்கு வரவழைத்தார். ஊர்த் தலைவர்களில் 36 பேரைப் பிரித்து, இரண்டிரண்டு பேராக நிறுத்தி, பகடை உருட்டச் சொன்னார். தோற்றவர்களில் ஓரிருவர் தவிர மற்றவர்களுக்குத் தூக்கு. நடந்தது மே 15. கோள்களின் இசைவுக்கான விதியைக் கெப்ளர் கண்டுபிடித்து அன்றோடு சரியாக ஏழு வருஷம்.

அடுத்த வருஷம் விவசாயிகள் கிளர்ந்தெழுந்து லின்ஸை முற்றுகையிட்டார்கள். கெப்ளரின் வீடு நகர மதிலோடு ஒட்டியது. படைவீரர்கள் வீட்டுக்குள்ளேயே வந்து தங்கிக்கொண்டு சுட்டார்கள். அதற்கு முன்பே மதக் குழு அவருடைய நூலகத்துக்கு முத்திரை வைத்துப் பூட்டியிருந்தது. ஜூன் கடைசியில் மூண்ட தீயில், அவருடைய அட்டவணைகள் அச்சாகிக்கொண்டிருந்த அச்சகம் எரிந்துபோனது. கையெழுத்துப் பிரதி தப்பியது. அதைத் தூக்கிக்கொண்டு உல்ம் நகரத்துக்குப் போய் 1627ல் அச்சிட்டு முடித்தார். கோள்களின் இடத்தை அதுவரை இல்லாத துல்லியத்தோடு கணிக்க உதவிய 'ருடால்ஃப் அட்டவணைகள்' அது. சமர்ப்பணம் இரண்டாம் ஃபெர்டினாண்டுக்கு. விவசாயிகளைப் பற்றி அவர் பரிவோடு எழுதியதாக எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. அவருக்கு அவர்கள் அச்சகத்தை எரித்த கூட்டம். வரலாறு நமக்குத் தேவையான ஒற்றுமைகளை ஏற்பாடு செய்து தருவதில்லை.

இந்த இடத்தில் டெகார்த்தையும் பார்த்துவிடலாம். ஸ்டீபன் டூல்மின் 1990ல் வெளியிட்ட 'காஸ்மோபாலிஸ்' நூலில் ஒரு முக்கியமான வாதம் இருக்கிறது. 1610ல் பிரெஞ்சு அரசர் நான்காம் ஹென்றி கொல்லப்பட்டதும் மதங்களுக்கிடையே சமாதானம் சாத்தியம் என்கிற நம்பிக்கை உடைந்தது. ஐயுறவாளர்களின் பெருந்தன்மை போய், அசைக்க முடியாத நிச்சயத்தைத் தேடும் தத்துவம் அந்தச் சாம்பலிலிருந்து வந்தது. டெகார்த் காலங்காலமான கேள்விகளுக்குப் பதில் சொல்லவில்லை, தன் காலத்தின் பீதிக்குத்தான் பதில் சொன்னார். இந்த வாதத்தில் பாதிக்கு நான் தலையாட்டுவேன். 1619 நவம்பரில் கணப்பு அறைக்குள் தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் சந்தேகிக்கத் தொடங்கிய டெகார்த், மேக்சிமிலியனின் படையோடு சேரப்போன ஆள். அந்தப் படைதான் அடுத்த வருஷம் வெண்மலையில் ஜெயித்தது. எல்லாவற்றையும் சந்தேகித்தவர் ஒன்றைமட்டும் சந்தேகிக்காமல் ஒதுக்கிவைத்தார்: தற்காலிக ஒழுக்கவிதி என்று சொல்லி, என் நாட்டின் சட்டத்துக்கும் நான் வளர்ந்த மதத்துக்கும் கீழ்ப்படிவேன் என்றார். 1633ல் கலிலியோவுக்கு நடந்ததைக் கேள்விப்பட்டதும் 'உலகம்' என்கிற நூலை அச்சிடாமல் உள்ளே வைத்தார். அவரிடம் யாரும் காகிதத்தை நீட்ட வேண்டிய அவசியமே வரவில்லை.

டூல்மினோடு எனக்கு இடிக்கிற இடம், அந்தப் பீதிக்கு நிச்சயத்தைத் தேடுவது மட்டுமே பதிலாக இருக்கவில்லை என்பதுதான். கெப்ளர் வேறு பதில். அவருக்கும் நிச்சயம் உண்டு. கடவுள் வடிவியல் தெரிந்தவர், ஐந்து சீர்திண்மங்களை வைத்துத்தான் கோள்களை அடுக்கினார் என்கிற இளவயது நம்பிக்கையைச் சாகும்வரை விடவில்லை. ஆனால் அந்த நிச்சயத்தை 8 கலைக்கு முன்னால் நிறுத்தி விசாரிக்க அவருக்குத் துணிச்சல் இருந்தது. இசைவுச் சூத்திரத்தில் இடித்த ஒரு வரியும் அவருக்கு 8 கலை மாதிரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அரசுகளுக்கிடையிலான சட்டத்தின் தந்தை என்று பாடநூல்கள் சொல்லும் ஹியூகோ க்ரோஷியஸ், ஹாலந்தில் கால்வினியர்களின் உட்சண்டையில் தோற்ற தரப்பில் இருந்து 1619ல் ஆயுள்தண்டனை பெற்றவர். 1621ல் மனைவியின் யோசனைப்படி புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பினார். கடவுள் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் இயற்கைச் சட்டம் செல்லும் என்று 1625ல் பாரிஸிலிருந்து எழுதினார். ரொம்பப் பெரிய வாசகம்தான். ஆனால் 1609ல் அவர் வெளியிட்ட 'சுதந்திரக் கடல்', டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் போர்த்துகீசியக் கப்பல் ஒன்றைக் கைப்பற்றியதை நியாயப்படுத்த எழுதிய பெரிய வாதத்தின் ஒரு பகுதி. அதே கம்பெனிதான் 1610ல் நம் பழவேற்காட்டில் வந்திறங்கி, 1613ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, துணியோடு சேர்த்து அடிமைகளையும் ஏற்றுமதி செய்தது. ஆம்ஸ்டர்டாமின் சகிப்புத்தன்மையைப் பற்றிப் பேசும்போது அந்தச் சுங்கக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அட்டவணையை எடுத்துக்கொண்டு கெப்ளர் பிராகில் ஃபெர்டினாண்டைச் சந்தித்தார். நல்ல வரவேற்பு. பதவியும் தயார். ஒரே ஒரு விஷயம்: கத்தோலிக்கனாக மாறிவிடு. சேசு சபைக் கணிதர் பால் குல்டின், நல்ல நண்பர், பரிவாகத்தான் எடுத்துச்சொன்னார். கெப்ளர் பதில் எழுதினார், மறுத்தார். பேரரசர் தர வேண்டிய பாக்கி 12,000 குல்டனை நெருங்கிவிட்டது. அந்தக் கடனை ஃபெர்டினாண்ட் தன் தளபதி வாலன்ஸ்டைன் தலையில் கட்டினார். வாலன்ஸ்டைனுக்கு மதம் பொருட்டில்லை, நட்சத்திரம்தான் முக்கியம். கெப்ளர் 1628ல் சாகான் என்கிற ஊருக்குக் குடிபோனார். அங்கேயும் ஆட்களைக் கட்டாயமாக மதம் மாற்றும் வேலை தொடங்கியது. கணிதரை மட்டும் தொடவில்லை.

1648ல் வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கை ஒரு அளவுகோலைக் கண்டுபிடித்தது. 1624 ஜனவரி 1 அன்று எந்த ஊர் எந்த மதத்தில் இருந்ததோ அப்படியே இருக்கட்டும். வேறு மதத்தவன் வீட்டுக்குள் கும்பிட்டுக்கொள்ளலாம் அல்லது கிளம்பலாம். கால்வினியர்களும் உள்ளே சேர்க்கப்பட்டார்கள். பேரரசின் மக்கள்தொகையில் 15 முதல் 35 சதவிகிதம்வரை அழிந்துபோனதாக மதிப்பீடுகள் சொல்கின்றன. மிஞ்சியவர்களுக்கு இது பெரிய ஆசுவாசம், மறுக்கவில்லை. ஆனால் பேரரசரின் சொந்தப் பரம்பரை நிலங்களுக்கு இது பொருந்தாது என்று எழுதிவைத்தார்கள். அதாவது கிராட்ஸுக்கு இல்லை, பிராகுக்கு இல்லை, லின்ஸுக்கு இல்லை. பகடை உருட்டியவர்களின் ஊருக்கும் இல்லை.

1630 ஆகஸ்டில் வாலன்ஸ்டைன் பதவியிலிருந்து தூக்கப்பட்டார். அக்டோபரில் கெப்ளர், பேரரசு மன்றம் கூடியிருந்த ரீகன்ஸ்பர்குக்கு, பாக்கியைக் கேட்க ஒரு சோனிக் குதிரையில் கிளம்பினார். குளிர். போய்ச் சேர்ந்த சில நாளில் காய்ச்சல். நவம்பர் 15 அன்று இறந்தார். புராட்டஸ்டன்ட் என்பதால் நகர மதிலுக்கு வெளியே புதைத்தார்கள். சில வருஷங்களில் போர் அந்த ஊருக்கே வந்தபோது கல்லறைத் தோட்டம் அழிந்து, புதைத்த இடமும் தெரியாமல் போனது. நிலவுக்குப் போகும் ஒரு கனவைப் பற்றி அவர் எழுதிவைத்த புத்தகத்தை மருமகன் பார்ட்ஷ் அச்சுக்குக் கொண்டுபோனார், அது முடிவதற்குள் கொள்ளைநோயில் செத்தார். 1634ல் மகன் லுட்விக் அதை வெளியிட்டார். 12,000 குல்டன் கைக்கு வரவில்லை.